மேக்பை: ஆஸ்திரேலியா வந்த நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிட்னியின் மேற்குப் புறநகரில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். புதிதாக வந்த மாணவர்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள், தமிழ்ப் பள்ளியில் என்னோடு பாடம் எடுப்பவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் விஷயம் ஒன்றுதான், அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை. நான் பறவையியல் படித்தவள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தில் வாழும் ஒரு மேக்பை குடும்பத்தைப் பல வருடமாகத் தினமும் பார்க்கிறேன், அவற்றைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"அக்கா, இது காக்கா இனமா?"

இல்லை. ஐரோப்பாவில் மேக்பை என்று ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை உண்டு, அது காக்கைக் குடும்பம். இங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு அதே பெயரை இதற்கும் வைத்துவிட்டார்கள். சொந்தம் என்று பார்த்தால் நம் ஊர்த் தோப்புகளில் நீண்ட வாலோடு தாவும் வால்காக்கைதான் ஐரோப்பிய மேக்பைக்கு உறவு. ஆஸ்திரேலிய மேக்பை வேறு குடும்பம். கர்ரவாங், புட்சர்பேர்ட் ஆகிய ஆஸ்திரேலியப் பறவைகள்தான் இதன் நெருங்கிய பங்காளிகள்.

ஆனால் இந்தக் குடும்பத்தில் ஒரு பறவை தமிழ்நாட்டிலும் இருக்கிறது. பனைமரம் உள்ள இடங்களில் மின்கம்பியில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக உட்காரும் சாம்பல் நிறச் சின்னப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஆஷி வுட்ஸ்வாலோ என்பார்கள். அது மேக்பைக்குத் தூரத்து உறவு. மேக்பையின் அறிவியல் பெயர் ஜிம்னோரைனா டிபிசென். டிபிசென் என்றால் லத்தீனில் குழல் ஊதுபவர். ஏன் அப்படி வைத்தார்கள் என்பது பாட்டைப் பற்றிய கேள்வியில் வரும்.

"கறுப்பு வெள்ளையா இருக்கிற எல்லாமே ஒண்ணு மாதிரி தெரியுது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் அலகைப் பாருங்கள். மேக்பைக்கு அலகு வெளிர்நீலம் கலந்த வெள்ளை, நுனி மட்டும் கறுப்பு. அப்புறம் கண். வளர்ந்த பறவைக்குச் செம்பழுப்பு. நீளம் சுமார் 40 செ.மீ., எடை 220 முதல் 350 கிராம். தரையில் தத்தாமல் கால் மாற்றிக் கால் வைத்து, வயலைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதர் மாதிரி நிதானமாக நடக்கும்.

கண் மஞ்சளாகவும் அலகு முழுக்கக் கறுப்பாகவும் இருந்தால் அது கர்ரவாங். அலகு நுனி கொக்கி போல வளைந்து, உருவமும் சிறியதாக இருந்தால் புட்சர்பேர்ட். இன்னும் சின்னதாக, மெல்லிய கால்களோடு கார்க் கண்ணாடியில் தன் உருவத்தையே கொத்திக்கொண்டிருந்தால் அது பீவீ, மேக்பை லார்க் என்றும் சொல்வார்கள். அது மேக்பையும் இல்லை, லார்க்கும் இல்லை.

"மெல்போர்ன்ல அண்ணன் வீட்டுப் பக்கம் பார்த்ததுக்கு முதுகு முழுக்க வெள்ளை. அது வேற பறவையா?"

ஒரே பறவைதான், இடத்துக்கு இடம் உடை மாறும். சிட்னி, பிரிஸ்பன் பக்கம் பிடரி வெள்ளையாகவும் முதுகு கறுப்பாகவும் இருக்கும். விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் பிடரியிலிருந்து வால்வரை வெள்ளை. இரண்டு வகையும் சந்திக்கும் இடங்களில் கலந்து குஞ்சு பொரிப்பதால் முதுகில் பட்டை போட்ட பறவைகளும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் கொடியில் சிறகை விரித்து நிற்பது இந்த வெள்ளை முதுகு மேக்பைதான்.

ஆணா பெண்ணா என்பதற்கும் பிடரிதான் அடையாளம். ஆணுக்குத் தூய வெள்ளை, பெண்ணுக்குச் சாம்பல் படிந்த வெள்ளை. விக்டோரியாவில் பெண்ணின் முதுகே லேசாகச் சாம்பலடித்திருக்கும். வெயிலில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

"புல்வெளியில தலையைச் சாய்ச்சு அசையாம நிக்குதே, என்ன செய்யுது?"

காது கொடுத்துக் கேட்கிறது. மண்ணுக்கு அடியில் புல்வேரைத் தின்றுகொண்டிருக்கும் வண்டுப் புழுவின் சத்தத்தை அது கேட்கும். பரிசோதனை செய்து உறுதிப்படுத்திய விஷயம் இது. ஒரு நாள் காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுப் பெண் மேக்பை எனக்கு இரண்டடி தள்ளி நின்றது. நாலு எட்டு வைத்தது, நின்றது, ஒரு காதைத் தரைப்பக்கம் திருப்பியது. நான் கையிலிருந்த துணியை உதறாமல் அப்படியே நின்றேன். பத்து விநாடி இருக்கும். அலகைச் சட்டென்று மண்ணில் இறக்கி, இப்படியும் அப்படியும் அகற்றி, கொழுத்த ஒரு வெள்ளைப் புழுவை உருவி எடுத்தது. மண்ணின் மேல் பென்சிலால் குத்தியது போல ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது.

புழு, மண்புழு, எறும்பு, சிலந்தி, வெட்டுக்கிளி, சின்னப் பல்லி, சில நேரம் எலி என்று எதையும் தின்னும். தேனீயைப் பிடித்தால் தரையில் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும். உங்கள் புல்வெளியில் அங்கங்கே ஓட்டை போட்டிருக்கிறது என்று வருத்தப்படாதீர்கள். வேரைத் தின்னும் புழு அத்தனையும் அதன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. புல்லுக்குப் பூச்சி மருந்து அடிப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

"விடியக்காலையில ஒரு சத்தம் வருதே, புல்லாங்குழலும் ரேடியோவும் கலந்த மாதிரி. அது இதுதானா?"

இதுதான். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பறவைச் சத்தம் என்றே தோன்றவில்லை. தண்ணீர் நிறைந்த குழலை ஊதினால் வருவது போல, குமிழியிட்டு உருளும் ஒலி. குடும்பமாகச் சேர்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடித்துப் பாடினால் அது பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்லும் செய்தி: இது எங்கள் இடம், நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்.

இதைத் தவிர இன்னொரு பாட்டு உண்டு. ஒற்றைப் பறவை வேலியிலோ கிளையிலோ உட்கார்ந்து மெல்லிய குரலில் தனக்குத்தானே முனகுவது போலப் பாடும். யாருக்காகவும் இல்லை. நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தின் கிசெலா காப்லான் இந்தப் பறவையைப் பல காலம் ஆராய்ந்தவர். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தாமல் பாடும் மேக்பைகளை அவர் பதிவு செய்திருக்கிறார். நிலா வெளிச்சம் உள்ள இரவுகளில், முக்கியமாகக் கூடு கட்டும் காலத்தில், நடுராத்திரியிலும் பாடும். "ராத்திரி ஏதோ பாடுச்சு, பயந்துட்டேன்" என்று சொன்ன அத்தைக்கும் இதுதான் பதில்.

"மத்த சத்தத்தை அப்படியே செய்யுமாமே?"

செய்யும். மற்ற பறவைகள், நாய்க் குரைப்பு, குதிரைக் கனைப்பு, வீட்டில் பழகியது என்றால் மனிதப் பேச்சுகூட. தன் இடத்தில் அடிக்கடி கேட்கும் சத்தத்தைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தபோது நியூகாசிலில் ஒரு மேக்பை தீயணைப்பு வண்டியின் சைரனை ஏற்ற இறக்கத்தோடு பாடியது. அந்த வீடியோ உலகம் முழுக்கப் போனது. அந்தக் கோடையில் புகைக்குள் இருந்த எங்களுக்கு அதைக் கேட்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

"சும்மா நடந்து போறவளை ஏன் வந்து மண்டையில அடிக்குது?"

கூட்டில் குஞ்சு இருக்கிறது, அதனால்தான். பெண் மேக்பை உயரமான மரத்தின் வெளிக்கிளையில் குச்சியால் கூடு கட்டும். கம்பி, ஹேங்கர் கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளும். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டை. சுமார் 20 நாள் பெண்தான் அடைகாக்கும். பொரித்த பிறகு நாலு வாரம் குஞ்சுகள் கூட்டில் இருக்கும். அந்தச் சமயத்தில் காவல் காப்பது ஆண். கீழே போகும் நம்மைக் குஞ்சைத் திருட வந்தவராக நினைத்து விரட்டுகிறது. ஊரில் இரட்டைவால் குருவி தன் கூட்டுப் பக்கம் வரும் காக்கையையும் பருந்தையும் துரத்தித் துரத்திக் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். இங்கே பருந்தின் இடத்தில் நாம் இருக்கிறோம்.

எல்லா மேக்பையும் அடிக்காது. இதைத்தான் நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன். பிரிஸ்பனில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் டேரில் ஜோன்ஸ் பல வருடம் ஆராய்ந்து கண்டது, ஆண்களில் பத்தில் ஒன்றுதான் மனிதரை விரட்டும். அதுவும் ஆறேழு வாரம்தான். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள், இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். மீதி வருடம் முழுக்க அதே பறவை உங்கள் காலடியில் மேய்ந்துகொண்டிருக்கும்.

"எல்லாரும் போறாங்க. என்னை மட்டும் குறி வெச்சு அடிக்குது. நிஜமா, என் கற்பனையா?"

நிஜம்தான். மேக்பை முகம் அடையாளம் வைத்துக்கொள்ளும். ஒரே எல்லையில் வருடக்கணக்காக வாழும் பறவை அது, 20 வருடம் தாண்டி வாழ்ந்தவையும் உண்டு. அந்தத் தெருவில் தினமும் நடக்கும் மனிதர்கள் எல்லோரும் அதற்குத் தெரிந்த முகங்கள். யார் கல்லெறிந்தார்கள், யார் கையை வீசி விரட்டினார்கள் என்பதும் நினைவிருக்கும், அடுத்த வருடமும் இருக்கும்.

விரட்டுவதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. ஒன்று நடப்பவரை மட்டும், ஒன்று சைக்கிளை மட்டும், இன்னொன்று மோட்டார் சைக்கிளில் வரும் தபால்காரரை மட்டும். நடப்பவரை விரட்டுவது கூட்டிலிருந்து சுமார் 100 மீட்டருக்குள் நடக்கும், சைக்கிள்காரரை என்றால் 150 மீட்டர் வரைகூட. முந்தைய வருடம் அந்தப் பக்கம் நீங்கள் பயந்து ஓடியிருந்தால், ஓடுகிற ஆள் என்று உங்களை நினைவு வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்? ஸ்டேஷனுக்கு அந்த வழியாத்தான் போகணும்."

முடிந்தால் அந்த ஆறு வாரம் மட்டும் எதிர்ப்பக்க நடைபாதையையோ அடுத்த தெருவையோ பிடியுங்கள். எல்லை 100 மீட்டர்தான் என்பதால் சின்ன சுற்றுவழியே போதும். எந்தெந்த இடத்தில் அடிக்கிறது என்று மக்களே பதிவு செய்யும் மேக்பை அலர்ட் என்ற இணையதளம் இருக்கிறது, பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

வேறு வழியே இல்லை என்றால் குடை பிடியுங்கள். என் அனுபவத்தில் குடைக்கு மேல் ஒன்றும் இல்லை. வெயில் இல்லாவிட்டாலும் பிடியுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். தொப்பியும் கண்ணாடியும் போடுங்கள். பறவை இருக்கும் திசையைப் பார்த்தபடியே நடங்கள், பின்னாலிருந்து வருவதுதான் அதன் வழக்கம். ஓடாதீர்கள், கையை வீசாதீர்கள், கத்தாதீர்கள். சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடும். ஹெல்மெட்டில் முள் முள்ளாக கேபிள் டை கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பீர்கள். அது பறவையைத் தடுப்பதை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. ஆனால் ஹெல்மெட் கட்டாயம் வேண்டும்.

"பிள்ளையை வண்டிலில வச்சுத் தள்ளிக்கொண்டு போகலாமோ? சரியான பயமா இருக்கு."

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2021-இல் பிரிஸ்பனில் ஒரு பூங்காவில் மேக்பை விரட்டியபோது தப்பிக்கப் பார்த்த தாய் கைக்குழந்தையோடு விழுந்து குழந்தை இறந்துபோனது. 2019-இல் வுலங்காங் பக்கம் ஒரு முதியவர் சைக்கிளைத் திருப்பப்போய் விழுந்து இறந்தார். இரண்டிலும் உயிரைப் பறித்தது கொத்து இல்லை, மிரண்டு விழுந்ததுதான். அதனால்தான் ஓடாதீர்கள் என்று மேலே எழுதினேன்.

அடிக்கும் மரம் எது என்று தெரிந்தால் அந்த வாரங்களில் குழந்தையோடு அந்தப் பக்கமே போக வேண்டாம். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டால் வண்டியின் மறைப்பை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் தலையைத் தாழ்த்தி, நடந்து வெளியே வந்துவிடுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் வீட்டு வைத்தியம் செய்யாமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், பெரியவரானாலும் குழந்தையானாலும்.

"கூட்டைக் கலைச்சுட்டா பிரச்சினை முடிஞ்சுதே?"

முடியாது. கலைத்தால் மறுபடி கட்டும், மறுபடி முட்டையிடும், விரட்டும் காலம் இன்னும் இரண்டு மாதம் நீளும். அதோடு இது குற்றம். மேக்பை உள்நாட்டுப் பறவை, எல்லா மாநிலத்திலும் சட்டப் பாதுகாப்பு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 2016-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும். அடிப்பது, பிடிப்பது, முட்டையெடுப்பது எதுவும் கூடாது.

பள்ளிக்கூட வாசல் போன்ற இடத்தில் ஒரு பறவை ஆட்களைக் காயப்படுத்திக்கொண்டே இருந்தால் கவுன்சிலிடம் சொல்லுங்கள். முதலில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். மிக மோசமான நிலையில் உரிமம் உள்ளவர்கள் வந்து அகற்றுவதும் உண்டு. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கம்மா காக்காவுக்கு வைக்கிற மாதிரி தினமும் ஒரு பிடி சோறு வைக்கிறாங்க. பரவாயில்லையா?"

உங்கள் அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது. சாப்பிடும் முன் ஒரு உயிருக்கு வைத்தே பழகியவர்கள், இங்கே வந்து காக்கைக்குப் பதில் இது வந்து நிற்கும்போது வைக்காமல் இருக்க முடியாது. ஆனால் சோறும் ரொட்டியும் இந்தப் பறவைக்கு ஆகாது. புழு தின்று வாழும் உடம்பு அது. கடையில் வாங்கும் கொத்துக்கறியை மட்டும் தினமும் வைப்பதும் கெடுதல், அதில் கால்சியம் போதாது, குஞ்சுகளுக்கு எலும்பு பலவீனமாகும். உப்பு, மசாலா சேர்ந்த எதுவும் வேண்டவே வேண்டாம்.

அம்மாவிடம் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். தினமும் கழுவி, நிழலில். சாப்பாட்டை விட அதற்குத்தான் கோடையில் வரிசை கட்டி வரும், குளிக்கும், சிறகை உதறி அம்மா சேலையெல்லாம் நனைக்கும். வைத்தே தீர வேண்டும் என்றால் எப்போதாவது இரண்டு மீல்வார்ம் புழு, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டாம்.

"தரையில ஒரு குஞ்சு தனியா கத்திட்டு இருக்கு. எடுத்து வளர்க்கலாமா?"

எடுக்காதீர்கள். கூட்டை விட்டு இறங்கும் குஞ்சு சரியாகப் பறக்கத் தெரியாமல் சில நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும்தான் இருக்கும். தாய் தகப்பன் பக்கத்து மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் இறகு முளைத்து, நின்று கத்துகிறது என்றால் அதற்கு ஒரு குறையும் இல்லை. பூனையையும் நாயையும் உள்ளே கட்டுங்கள், போதும். சாலை நடுவே இருந்தால் ஓரத்துப் புதரில் விட்டுவிட்டு நகருங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது இதற்குப் பொருந்தாது.

இறகே முளைக்காத குஞ்சு, ரத்தக் காயம், தொங்கும் சிறகு என்றால் மட்டும் காட்டுயிர் மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாலும் பார்ப்பார்கள். இறங்கிய பிறகும் மூன்று நாலு மாதம் பெற்றோர் பின்னாலேயே "க்யா, க்யா" என்று கெஞ்சிக்கொண்டு நடக்கும். தாயின் உயரத்துக்கு வளர்ந்த பிறகும் கெஞ்சும். பார்க்கப் பாவமாக இருக்கும், பட்டினி இல்லை.

"ரெண்டு சண்டை போட்டு ஒண்ணு மல்லாந்து கிடந்துச்சு. பக்கத்துல போனா எழுந்து ஓடுது!"

விளையாட்டு. சின்னப் பறவைகள் மல்லாந்து படுத்துக் காலால் உதைத்துக்கொள்ளும், குச்சியைப் பிடுங்கி ஓடும், ஒளிந்து பிடிக்கும். எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஒரு குஞ்சு கால்சட்டை நுனியைக் கவ்வித் தலைகீழாகத் தொங்கி ஆடியதை நானும் என் மகளும் அரைமணி நேரம் பார்த்தோம். விழும், மறுபடி ஏறிக் கவ்வும்.

"தன்னைவிடப் பெரிய சாம்பல் குஞ்சுக்கு மேக்பை ஊட்டுதே, அது என்ன?"

அது குயில் குஞ்சு. நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல இங்கே சேனல் பில்டு குக்கூ என்ற பெரிய குயில் மேக்பை, கர்ரவாங், காக்கை இவற்றின் கூட்டில் முட்டையிடும். நீளம் சுமார் 60 செ.மீ., அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் குயில்களில் உலகத்திலேயே பெரியது. வசந்த காலத்தில் நியூ கினி, இந்தோனேசியா பக்கத்திலிருந்து வரும். குஞ்சுக்குப் பசி அதிகம். அது கேட்டுக் கேட்டு வாங்கித் தின்பதில் மேக்பையின் சொந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

நம் குயிலுக்கு நெருங்கிய உறவான கோயல் குயிலும் செப்டம்பரில் சிட்னிக்கு வந்துவிடும். அது பீவீ போன்ற பறவைகளின் கூட்டைத் தேடும். விடியற்காலையில் அந்தக் கூவல் கேட்டு ஊர் ஞாபகம் வந்து அழுதேன் என்று ஒரு மாணவி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"ரொம்பப் புத்திசாலின்னு சொல்றாங்களே, ஆதாரம் இருக்கா?"

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இரண்டை மட்டும் சொல்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் கூண்டில் அடைக்காமல் சுதந்திரமாகத் திரியும் மேக்பைகளுக்கு ஒளிபுகும் குழாய்க்குள் சீஸ் துண்டு வைப்பது போன்ற புதிர்களைக் கொடுத்தார்கள். பென் ஆஷ்டனும் அமாண்டா ரிட்லியும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2018-இல் நேச்சர் இதழில் வந்தது. 3 பறவை உள்ள கூட்டத்திலிருந்து 12 உள்ள கூட்டம் வரை சோதித்ததில், பெரிய குடும்பத்தில் வளர்ந்தவை புதிர்களை நன்றாக விடுவித்தன. குஞ்சு வளர வளரத்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. அதாவது பிறவியிலேயே வந்தது என்பதைவிட, பல பேரோடு பழகி வாழ்வதால் கூர்மையானது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று குயின்ஸ்லாந்தில் நடந்தது. சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தின் டொமினிக் பாட்வினும் குழுவினரும் ஐந்து மேக்பைகளின் முதுகில் ஒரு கிராமுக்கும் குறைவான கண்காணிப்புக் கருவியைப் பட்டை வைத்துக் கட்டினார்கள். கடைசிப் பறவைக்குக் கட்டிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கருவி மாட்டாத ஒரு பெண் மேக்பை இளம் பறவை ஒன்றின் பட்டையை அலகால் இழுத்து அவிழ்க்க ஆரம்பித்தது. சில மணி நேரத்தில் பெரும்பாலானவை கழன்றுவிட்டன. மூன்றாம் நாள் கூட்டத்தின் பெரிய ஆண் பறவையினுடையதும் போயிற்று. தனக்கு ஒரு ஆதாயமும் இல்லாமல் இன்னொன்றின் கட்டை அவிழ்க்கும் அந்தக் காட்சி எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. 2022-இல் இதை வெளியிட்டார்கள்.

"ஜோடி சேர்ந்தா கடைசிவரை உண்மையா இருக்குமாமே?"

சேர்ந்து வாழும், சேர்ந்து எல்லை காக்கும். ஆனால் குஞ்சுகளின் மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது, மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான குஞ்சுகளின் தகப்பன் வேறு கூட்டத்து ஆண். விக்டோரியாவில் அவ்வளவு இல்லை என்றாலும் கணிசமாக உண்டு. அப்படியென்றால், முன்பு சொன்னேனே, உயிரைக் கொடுத்து நம்மை விரட்டும் அந்தக் காவல்கார ஆண், அது பல நேரம் தனக்குப் பிறக்காத குஞ்சுக்காகத்தான் பாய்கிறது.

பிரிஸ்பனில் மூர்க்கமான ஆண்களைப் பிடித்துத் தூரமாகக் கொண்டுவிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. காலியான இடத்துக்குச் சீக்கிரமே ஒரு புது ஆண் வந்து, கூட்டில் இருந்த குஞ்சுகளைக் கொல்லாமல், விரட்டாமல், இரை ஊட்டி வளர்த்தது. நம் குடும்பக் கணக்கை வைத்து இந்தப் பறவையை எடை போட முடியாது.

"நாங்க வீடு மாறுறோம். புது வீட்டு மேக்பைகிட்ட எப்படி நல்ல பேர் வாங்குறது?"

இந்தக் கேள்வியைக் கேட்டவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கூடு கட்டும் காலத்துக்கு முன்பே போய்விட முடிந்தால் நல்லது. அப்போது அதற்குப் பதற்றம் இல்லை, உங்களைப் பார்க்க நேரம் இருக்கும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்குப் பின்பக்கம் போய் உட்காருங்கள். நேருக்கு நேர் நடக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் போங்கள். போகும்போது ஏதாவது பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், குரல் ஒரே மாதிரி இருந்தால் போதும். தண்ணீர்ச் சட்டி வையுங்கள். குழந்தைகளிடம் துரத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் வாரம் கூரையிலிருந்து பார்க்கும். அப்புறம் வேலிக்கு வரும். ஒரு நாள் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே புல்லில் இறங்கி, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புழு தேடும். அந்த அளவுக்கு வந்துவிட்டால் செப்டம்பரில் உங்கள் வீட்டு வாசலில் குடை தேவைப்படாது. அடுத்த தெருவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே இருக்கும் குடும்பத்துக்கு உங்களைத் தெரியாது.